கட்டும் அறுப்பும்: பிற்காலப் பரிசுத்தவான்களின் முத்திரிப்புக் கோட்பாடும் தமிழ் மணமரபும்

ஆய்வுச்சுருக்கம்

மண உறவும் பெற்றோர் – பிள்ளை உறவும் இறப்புக்குப் பின்னும் தொடர்வன என்பது ‘மார்மன்’ என்று பொதுவழக்கில் சுட்டப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் மையக் கோட்பாடுகளுள் ஒன்றாகும். ஆலயத்தில் நிகழும் முத்திரிப்புச் சடங்கே அத்தொடர்ச்சிக்கு வழி என அச்சபை கற்பிக்கிறது. இக்கோட்பாட்டின் வரலாற்றையும் நடைமுறையையும் விளக்கி, ‘கட்டு’, ‘அறுப்பு’ என்னும் இரு சொற்களைச் சுற்றி அமைந்த தமிழ் மணமரபோடும், மரக்காணம் – வானூர் கடற்கரைக்குரிய நெய்தல் மரபோடும், முன்னோர் வழிபாட்டோடும் அதனை ஒப்பிடுகிறது இக்கட்டுரை. இறப்பால் அறாத கட்டு கைம்பெண்ணுக்கு நிலையான மதிப்பைத் தரும் அதே வேளையில் அவளது மறுமணத்திற்கு வரம்பாகவும் அமையும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: முத்திரிப்பு, ஆலயம், கட்டு, அறுதலி, நெய்தல், நீர்க்கடன், பெயர்.

முன்னுரை

இறப்பு உறவை முடிக்கிறதா என்னும் வினாவுக்குச் சமயங்கள் வெவ்வேறு விடை தருகின்றன. கணவன் உயிரோடிருக்கும் வரையே மனைவி மணச் சட்டத்தால் அவனோடு பிணைக்கப்பட்டவள் என்னும் பவுலின் கருத்தை (உரோமர் 7:2) ஒட்டிப் பெரும்பான்மைக் கிறித்தவத் திருச்சபைகள் மண உறுதிமொழிக்கு இறப்பை எல்லையாக வைத்தன. உயிர்த்தெழுதலில் கொள்வதும் இல்லை, கொடுப்பதும் இல்லை என்று இயேசு சதுசேயருக்குக் கூறிய விடையும் (மத்தேயு 22:30) அவ்வெல்லைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. கிறித்தவ வேதத்தையே அடிப்படையாகக் கொண்டும் இவ்வெல்லையை மறுத்த சபை ஒன்று 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றியது. அதன் நிலைப்பாட்டைத் தமிழ் மரபின் துணைகொண்டு விளங்கிக்கொள்வதும், தமிழ் மரபின் உள்முரண் ஒன்றை அதன் வழியாகக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒப்பீட்டுக்குரிய களம் வானூரை அடுத்த மரக்காணம் உப்பளக் கடற்கரை. இக்கடற்கரை அச்சபையின் வரலாற்றுக் களமாக அன்றி, தமிழ் நெய்தல் வாழ்வின் களமாகவே ஈண்டுக் கொள்ளப்படுகிறது.

கோட்பாடு உருவான வரலாறு

ஜோசப் ஸ்மித் 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஃபயெட் என்னும் ஊரில் இச்சபையை நிறுவினார். மார்மன் நூல் அதற்குச் சற்று முன்னர் அதே ஆண்டில் அச்சேறியது. ‘மார்மன்’ என்னும் பெயரைத் தவிர்த்து முழுப்பெயரையே வழங்க வேண்டும் எனச் சபைத் தலைவர் ரஸல் நெல்சன் 2018இல் வலியுறுத்தினார். ஆதலின் இக்கட்டுரை ‘சபை’ என்றே சுட்டிச் செல்கிறது.

உறவின் நிலைபேறு பற்றிய கோட்பாடு ஒரே நாளில் தோன்றியதன்று. 1836 ஏப்ரல் 3 அன்று ஒஹையோவின் கர்ட்லாண்ட் ஆலயத்தில் எலியா தீர்க்கர் தோன்றி, தந்தையரின் நெஞ்சைப் பிள்ளைகளிடத்தும் பிள்ளைகளின் நெஞ்சைத் தந்தையரிடத்தும் திருப்பும் அதிகாரத்தை அளித்ததாகச் சபையினர் நம்புகின்றனர். பழைய ஏற்பாட்டின் இறுதி நூலான மல்கியாவின் முடிவில் உள்ள வாக்குறுதி அதன்வழி நிறைவேறியது என்பது அவர்தம் விளக்கம். 1840 ஆகஸ்டில் இல்லினாய் மாநிலத்து நாவூ நகரில் நிகழ்ந்த ஓர் இறுதிச்சடங்கு உரையில், இறந்தோருக்காக உயிரோடிருப்போர் திருமுழுக்குப் பெறலாம் என ஸ்மித் அறிவித்தார். 1843 ஜூலை 12 அன்று எழுத்தில் பதிவான வெளிப்பாடு, ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ என்னும் சபை நூலின் 132ஆம் பிரிவாக உள்ளது. உரிய அதிகாரத்தால் முத்திரிக்கப்படாத மணம் இறப்போடு முடியும். முத்திரிக்கப்பட்ட மணம், தம்பதியர் உடன்படிக்கையில் நிலைத்திருப்பின், என்றும் தொடரும் என்பது அதன் சாரம்.

அதே வெளிப்பாடு பலதார மணத்தையும் ஏற்றது. 1852 ஆகஸ்டில் இது வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. 1890இல் வெளியான அறிக்கையால் சபை அவ்வழக்கத்தினின்று விலகத் தொடங்கியது. முத்திரிப்பும் பலதார மணமும் ஒரே ஆவணத்தில் பிறந்தவை என்பதையும், பின்னர் அவை பிரிக்கப்பட்டன என்பதையும் ஆய்வாளர் ஒருங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

மற்றொரு திருப்பம் 1894இல் நேர்ந்தது. அதற்கு முன் உறுப்பினர் பலர் தம் சொந்தப் பெற்றோருக்கு மாறாகச் சபைத் தலைவர்களுக்குப் பிள்ளைகளாக முத்திரிக்கப்பட்டனர். தமிழில் கூறின் இஃது ஒருவகைத் தத்து. அவ்வாண்டு ஏப்ரலில் சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் இம்முறையை மாற்றி, அவரவர் தம் பெற்றோருக்கே முத்திரிக்கப்பட வேண்டும் என்றும், வழிமரபை இயன்ற அளவு பின்னோக்கித் தேட வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். அதே ஆண்டு நவம்பரில் யூட்டா வழிமரபியல் கழகம் நிறுவப்பட்டது. உலகெங்கும் பிறப்பு, மண, இறப்புப் பதிவேடுகளைப் படமெடுத்துத் தொகுத்துவரும் சபையின் பெரும்பணி இவ்விறையியல் மாற்றத்தின் விளைவேயாகும்.

சடங்கின் இயல்பு

ஞாயிறு வழிபாடு நிகழும் கூடம் வேறு, ஆலயம் வேறு. கூடத்திற்குள் எவரும் செல்லலாம். அருட்பொழிவு செய்யப்பெற்ற ஆலயத்திற்குள், ஒழுக்கம் பற்றிய நேர்காணலுக்குப் பின் வழங்கப்படும் நுழைவுச் சான்று உடையவர் மட்டுமே செல்ல இயலும். அங்கு மணமக்கள் பலிபீடத்தின் இருபுறமும் எதிரெதிரே மண்டியிட்டுக் கைகோத்து உடன்படிக்கை செய்கின்றனர். அவ்வறையின் எதிரெதிர்ச் சுவர்களில் நிலைக்கண்ணாடிகள் பதிக்கப்பட்டிருப்பது வழக்கம். ஒன்றன் நிழல் மற்றொன்றில் விழுந்து முடிவின்றித் தொடரும் தோற்றம் கோட்பாட்டின் குறியீடாகிறது.

முத்திரிக்கப்பட்ட பெற்றோருக்குப் பின்னர்ப் பிறக்கும் பிள்ளைகள் ‘உடன்படிக்கையில் பிறந்தோர்’ ஆவர். அவர்களுக்குத் தனிச்சடங்கு வேண்டா. பெற்றோரின் முத்திரிப்புக்கு முன் பிறந்தவர்களும் தத்தெடுக்கப்பட்டவர்களும் அதே பலிபீடத்தில் பெற்றோரோடு முத்திரிக்கப்படுகின்றனர். இவை அனைத்தும் நிபந்தனைக்கு உட்பட்டவை. தம்பதியரின் நேர்மையான வாழ்வால் மட்டுமே முத்திரை உறுதிப்படும் என்றும், தக்க காரணம் இருப்பின் சபைத் தலைமை அதனை நீக்கலாம் என்றும் விதி உள்ளது. ஆகவே ‘என்றும் அறாத உறவு’ என்று பொதுவாகக் கூறினும், இறப்பால் அறாதது என்பதே துல்லியமான கூற்று.

கட்டும் முத்திரையும்

‘முத்திரை’ என்னும் சொல் தமிழ் விவிலிய வாசகர்க்குப் புதிதன்று. எபேசியர் நிருபத்திலும் வெளிப்படுத்தின விசேஷத்திலும் அது பயின்றுள்ளது. ஆவணத்திற்கு உறுதி அளித்தல், உரிமையாளரைக் காட்டுதல், பிறர் திறவாதவாறு காத்தல் என்னும் மூன்று பொருளும் அதில் அடங்கும். எனினும் முத்திரிப்பு அதிகாரத்திற்குச் சபையினர் சான்று காட்டும் மத்தேயு 16:19இல் மையவினை ‘கட்டுதல்’ ஆகும். பூமியில் கட்டப்படுவது பரலோகத்திலும் கட்டப்படும் என்பது அதன் கருத்து.

இவ்வினை தமிழனின் செவியில் திருச்சபை அதிகாரத்தைக் காட்டிலும் மணவினையையே முதலில் எழுப்பும். தாலி கட்டுதல், கட்டிக்கொள்ளுதல், கட்டிக்கொடுத்தல், கட்டியவன், கட்டியவள் என மணத்தைக் குறிக்கும் பேச்சுவழக்கு முழுவதும் இவ்வினையின் மேல் நிற்கிறது. வதுவையை விரிவாகப் பாடும் அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்களில் தாலி கட்டும் நிகழ்ச்சி இல்லை. ஆதலின் இவ்வழக்கைச் சங்ககாலத்துக்கு ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் தொல்காப்பியக் கற்பியல், பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்னுமிடத்து ஆளும் ‘யாத்தல்’ என்னும் வினைக்கும் கட்டுதல் என்னும் பொருள் உண்டு. அன்பு ஒன்றே போதாது, உறவுக்குப் பலர் அறிந்த சடங்கின் காப்பு வேண்டும் என்பது அந்நூற்பாவின் உட்கிடை. காதல் எத்துணை ஆழமாயினும் உரிய அதிகாரத்தால் முத்திரிக்கப்படாவிடின் இறப்பைக் கடவாது என்னும் சபையின் கொள்கையும் இதே தருக்கத்தில் நிற்கிறது. கரணத்தின் எல்லை இவ்வுலகம். முத்திரிப்பின் எல்லை மறுமை. வேறுபாடு இவ்வளவே.

கட்டுக்கழுத்தியும் அறுதலியும்

தமிழ் மணமரபில் கட்டு உண்டெனின் அதற்கு எதிராக அறுப்பும் உண்டு. கணவன் வாழும் பெண் கட்டுக்கழுத்தி. அவன் இறந்தபின் அவள் அறுதலி. கருமாதியின்போது நிகழும் தாலி நீக்கம், இறப்பு தானாகச் செய்துவிட்ட ஒன்றைச் சமூகம் மீண்டும் தன் கையால் செய்து உறுதிப்படுத்தும் சடங்கு. கட்டியவன் கழுத்தில் கட்டு இல்லை. ஆதலின் மனைவியை இழந்தவனுக்கு அறுப்பும் இல்லை. காஞ்சித்திணைத் துறைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் சுட்டும் தாபத நிலையும், புறநானூறு காட்டும் கைம்மை நோன்பும் இவ்வொருபக்க இயல்பின் தொன்மையைக் காட்டுகின்றன.

முத்திரிப்புக் கோட்பாட்டில் அறுப்புச் சடங்கு என ஒன்றில்லை. கணவனை இழந்தவள் இறையியல் நோக்கில் மனைவியாகவே நீடிக்கிறாள். அவளது நிலை தாழ்வதில்லை. கடலுக்குச் சென்றவன் திரும்பாத வீட்டில், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையைக் கண்ட கரையில், இக்கொள்கை எத்தகைய ஆறுதலாக ஒலிக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆனால் அறுப்புக்கு மறுபக்கமும் உண்டு. தமிழகத்தின் உழைக்கும் சமூகங்கள் பலவற்றில் ‘அறுத்துக் கட்டுதல்’ என்னும் வழக்கு இருந்துள்ளது. அறுத்ததனாலேயே மீண்டும் கட்ட முடிந்தது. அதாவது அறுப்பு இழிவாக மட்டும் அமையவில்லை. சில சமூகங்களில் விடுதலையாகவும் அமைந்தது. அறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு மறுகட்டை மறுத்த சமூகங்களே கைம்மையை வாழ்நாள் தண்டனையாக்கின.

சபையின் நடைமுறை விதி இவ்விடத்தில் கருதத்தக்கது. மனைவியை இழந்த ஆடவன் மறுமணம் புரியின் இரண்டாம் மனைவியோடும் முத்திரிக்கப்படலாம். முதல் முத்திரிப்பு நிலைத்தே இருக்கும். கணவனை இழந்த பெண் மறுமணம் செய்துகொள்ளத் தடையில்லை. ஆயின் முன்னைய முத்திரிப்பு நீக்கப்பட்டாலன்றி, உயிரோடிருக்கும்போது இரண்டாம் கணவனோடு அவள் முத்திரிக்கப்பட இயலாது. அம்மணம் இவ்வுலக எல்லையோடு நிற்கும். இறந்த பெண்ணை அவள் வாழ்நாளில் மணந்திருந்த கணவர் அனைவரோடும் பதிலாள் வழியாக முத்திரிக்கலாம் என்றும், முடிவை மறுமையில் இறைவனிடம் விட்டுவிடலாம் என்றும் சபை கூறுகிறது. எனவே அறாத கட்டிலும் ஆண் – பெண் சமனின்மை எஞ்சி நிற்கிறது. தமிழ் மரபு அச்சமனின்மையை அறுப்பில் வைத்தது. இச்சபை அதனைக் கட்டில் வைத்திருக்கிறது.

நெய்தல் வேட்கை

ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு ஆய்வாளர் இணைத்துக் காண்பர். இக்கடற்கரை அவ்வகையில் பழந்தமிழ் இலக்கியத்தின் நெய்தல் நிலமாகும். உமணர் மகள் உப்பு விற்கும் காட்சியை அகநானூற்றின் 140ஆம் பாடலில் வரைந்த அம்மூவனாரே, குறுந்தொகையின் 49ஆம் பாடலில் இம்மை மாறி மறுமை வந்தாலும் நீயே என் கணவனாகுக, நின் நெஞ்சுக்கு ஒத்தவளாக நானே ஆகுக எனத் தலைவியைப் பேச வைத்தார். உறவின் மறுமைத் தொடர்ச்சியைத் தமிழில் நேரே எழுப்பும் தொன்மையான இடங்களுள் ஒன்று இது. அதுவும் நெய்தற் பாடல்.

இப்பாடலையும் முத்திரிப்பையும் ஒன்றெனக் கொள்வது பிழையாகும். முதலாவது, தலைவியின் கூற்று வியங்கோளில் அமைந்த விழைவு, உறுதியன்று. முத்திரிப்போ உடன்படிக்கையின் வாக்குறுதி. இரண்டாவது, தலைவிக்கு இடைநிற்கும் அதிகாரம் எதுவும் தேவைப்படவில்லை, நெஞ்சே சான்று. முத்திரிப்புக்கோ ஆசாரியத்துவ அதிகாரம் இன்றியமையாதது. மூன்றாவது, பிற்கால மரபு ‘ஏழேழு பிறவிக்கும்’ என விரித்த உறவில் உடலும் ஊரும் பெயரும் பிறவிதோறும் மாறும். முத்திரிப்பில் மறுபிறவி இல்லை. இன்ன பெயருடைய இவனும் இவளுமே உயிர்த்தெழுந்து தொடர்வர். முன்னதில் உறவு மீண்டும் நிகழ்கிறது, பின்னதில் நிலைக்கிறது.

நீர்க்கடனும் பதிலாள் சடங்கும்

வள்ளுவர் இல்வாழ்வான் ஓம்ப வேண்டிய ஐவருள் தென்புலத்தாரை முதலில் வைத்தார் (குறள் 43). ஆடி, தை அமாவாசை நாள்களில் வங்கக் கடற்கரையில் நீராடி முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைப்பது இன்றும் காணும் வழக்கு. தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையின் பெயர்கள் அங்கு ஓதப்படுகின்றன. சபையின் ஆலயத்திலும் நீர் உண்டு, பெயர் உண்டு: இறந்த ஒருவரின் பெயரால் உயிரோடிருப்பவர் நீரில் மூழ்கி எழுகிறார், பின்னர் அவ்விறந்தோரின் மண உறவும் பெற்றோர் உறவும் பதிலாள் வழியே முத்திரிக்கப்படுகின்றன. 1 கொரிந்தியர் 15:29 இதற்குச் சான்றாகக் காட்டப்படும்.

நீர்க்கடன் ஆண்டுதோறும் தொடர வேண்டிய படையல். அதனால் இறந்தோரின் சமயம் மாறுவதில்லை. பதிலாள் சடங்கு ஒருவருக்கு ஒருமுறையே உரியது. அஃது அவருக்குப் புதியதோர் உடன்படிக்கையை முன்வைக்கிறது. ஏற்பதும் மறுப்பதும் இறந்தவரின் விருப்பம் எனச் சபை கற்பிப்பினும், உறவினர் அல்லாதோரின் பெயர்கள் சேர்க்கப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. நாஜிப் படுகொலையில் மாண்ட யூதர் பெயர்கள் தொடர்பாக யூத அமைப்புகளோடு 1995இல் உடன்பாடு செய்யப்பட்டது. உறுப்பினர் தம் சொந்த முன்னோரின் பெயர்களையே அளிக்க வேண்டும் என்பதும், கடந்த 110 ஆண்டுக்குள் பிறந்தவராயின் நெருங்கிய உறவினரின் இசைவு வேண்டும் என்பதும் இன்றைய நெறி.

பெயர் பற்றிய இந்நெறி தமிழ்க் குடும்பத்தை நேரே தொடுகிறது. பெயர், பிறப்பு, மணம், ஊர் ஆகியன தனித்தனியே தெரிந்தால்தான் ஆலயச் சடங்கு இயலும். தமிழில் குடும்பப்பெயர் பொதுவழக்கன்று. தந்தையின் பெயர் ஒற்றைத் தலைப்பெழுத்தாகச் சுருங்குகிறது. தாய்வழி அவ்வெழுத்திலும் இல்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல்தான் நாடு முழுமைக்கும் ஒருசீராக வந்தது. உப்பளத்திலும் கட்டுமரத்திலும் வாழ்ந்த பாட்டியரின் பெயர்கள் வாய்மொழியில் மட்டுமே நின்றன. ஆயினும் பாட்டனின் பெயரைத் தாங்குபவன் ‘பெயரன்’. அதுவே ‘பேரன்’ ஆயிற்று. அத்தை மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கால் ஒரே முன்னோர் இரு கிளைகளிலும் வருவர். தமிழ் வழிமரபு ஏட்டிலன்றிப் பெயரிடும் முறையிலும் கொண்டு கொடுக்கும் முறையிலும் பதிந்துள்ளது. அதனை ஆவணமாக மாற்றும் பணி சமய நோக்கத்துக்கு அப்பாலும் தமிழாய்வுக்குரியதாகும்.

தமிழகத்தில் இச்சபை

இச்சபையின் தமிழகத் தொடர்பு 1853இல் தொடங்கியது. கல்கத்தாவிலிருந்து சென்னை வந்த ரிச்சர்ட் பாலன்டைன் 1854 வரை இங்கிருந்து பிரசாரம் செய்தார். இதழ் ஒன்றையும் அச்சிட்டார். இந்தியாவுக்கான ஊழியர்கள் தெரிவு செய்யப்பட்ட 1852 ஆகஸ்ட் மாநாட்டில்தான் பலதார மணமும் அறிவிக்கப்பட்டது என்பதால், முத்திரிப்புக் கோட்பாடு சென்னை வாசகரிடையே அவதூறோடு கலந்தே அறிமுகமாயிற்று. அக்காலத்தில் உலகில் எங்கும் இச்சபைக்கு இயங்கும் ஆலயம் இல்லை. நாவூ ஆலயம் 1846இல் கைவிடப்பட்டிருந்தது. அம்முயற்சி நிலைக்கவில்லை. 1960களில் கோயம்புத்தூரில் தமிழ்க் குடும்பம் ஒன்றை மையமாகக் கொண்டு சபை மீண்டும் துளிர்த்தது. 1993இல் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியாவுக்கான தனி ஊழியப் பகுதி அமைந்தது.

கூடம் அருகில் அமையினும் ஆலயம் தொலைவிலேயே இருந்தது. இந்தியக் குடும்பங்கள் முத்திரிப்புக்காக, 1996இல் திறக்கப்பட்ட ஹாங்காங் ஆலயம் போன்ற வெளிநாட்டு ஆலயங்களுக்குச் செல்ல வேண்டியிருந்தது. கடவுச்சீட்டும் விமானச் செலவும் என்றென்றுமான உறவுக்கு முன்நிபந்தனைகளாயின. 2018 ஏப்ரலில் பெங்களூருவுக்கு ஆலயம் அறிவிக்கப்பட்டது. 2020 டிசம்பர் 2 அன்று அதற்கு அடிக்கல் நாட்டும் சடங்கு நிகழ்ந்தது. தமிழ்க் குடும்பங்களுக்கு அது ஒரே இரவுப் பயணத் தொலைவு.

செலவினும் பெரிய தடை ஒன்றுண்டு. சபை சாராத பெற்றோரும் தாய்மாமனும் முத்திரிப்பு அறைக்குள் செல்ல இயலாது. தாய்மாமன் இன்றி மணமில்லை என்னும் நாட்டில் இது சிறு குறையன்று. சட்டப்படியான மணத்தைத் தனியே முடித்துப் பின்னர் ஆலயம் செல்லும் முறை இந்நெருக்கடியை ஓரளவு தணிக்கிறது. முதலில் பிற மணம் புரிந்தோர் ஓராண்டு காத்திருக்க வேண்டும் எனச் சில நாடுகளில் இருந்த விதியும் 2019 மே மாதம் நீக்கப்பட்டது. ஆயினும் குடும்பத்தை என்றென்றைக்கும் இணைக்கும் சடங்கின் வாயிலில் குடும்பத்தின் ஒரு பகுதி வெளியே நிற்பது, முதல் தலைமுறை உறுப்பினர் எதிர்கொள்ளும் முரணாகவே உள்ளது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படும். முத்திரிப்பு என்பது உறவின் மறுமைத் தொடர்ச்சியை விழைவினின்று உடன்படிக்கையாக மாற்றும் சடங்கு. அதன் வரலாறு 1836 முதல் 1894 வரை படிப்படியாக வளர்ந்தது. கரணம் உறவைக் காக்கும் என்னும் தொல்காப்பியக் கருத்தோடும், இறந்தோரின் பெயரை மறவாமை என்னும் நீர்க்கடன் மரபோடும் அது ஒத்துச் செல்கிறது; அதிகாரம், ஒரே வாழ்வு, எழுத்துச் சான்று ஆகியவற்றில் வேறுபடுகிறது. அறுதலி என்னும் நிலையை அது ஏற்பதில்லை. ஆனால் அறுத்துக் கட்டும் உரிமையையும் அது பெண்ணுக்கு ஆணுக்கு இணையாக வழங்கவில்லை. கைம்பெண்ணின் மதிப்பு கட்டு அறாமையால் மட்டும் உறுதிப்படுவதில்லை. அக்கட்டைத் தொடர்வதா, புதிதாகக் கட்டிக்கொள்வதா என்று தெரிந்தெடுக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பதைப் பொறுத்தது. இவ்வளவுகோலைத் தமிழ் மரபுக்கும் இச்சபைக்கும் ஒருசேர வைத்துப் பார்ப்பதே நடுநிலையான ஒப்பாய்வாகும்.